எங்கள் வாசகர்கள் வேண்டும், எங்கள் வழக்கு வேண்டாமா?

ரசிகர் புனைவை நூலாக்கி விற்கும் பதிப்பாளர்களுக்கு,

பிறர் படைத்த பாத்திரங்களையும் உலகத்தையும் எடுத்து ரசிகர்கள் இணையத்தில் இலவசமாக எழுதுகிற கதைதான் ரசிகர் புனைவு, அதாவது ஃபேன்ஃபிக். நான் அப்படி எழுதிய ஒன்றை நூலாக்க உங்களில் ஒருவர் அனுப்பிய ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று அதிலேயே ஒரு பிரிவு இருப்பதால் அவர்களால் வாய் திறக்க முடியாது. என் வாயை யாரும் கட்டவில்லை. அதனால்தான் இந்த மடலை நான் எழுதுகிறேன்.

அந்த ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு, "இந்தப் படைப்பு முழுக்க முழுக்க எழுத்தாளரின் சொந்தக் கற்பனை, வேறெந்தப் படைப்பையும் தழுவியதல்ல" என்று என்னை உறுதி கூறச் சொல்கிறது. அதை மீறி யாராவது வழக்குப் போட்டால் வக்கீல் செலவு, இழப்பீடு, பதிப்பகத்துக்கு வரும் நஷ்டம் எல்லாம் என் தலையில் என்கிறது அடுத்த பிரிவு. எல்லா நூல் ஒப்பந்தத்திலும் இப்படி ஒன்று இருக்கும்தானே என்பீர்கள். இருக்கும். ஆனால் அதே மின்னஞ்சலில் விற்பனைத் திட்டம் என்று இன்னொரு கோப்பும் வந்தது. "ரசிகர்கள் இணையத்தில் கொண்டாடிய ஃபேன்ஃபிக், இப்போது நூல் வடிவில்" என்று அது தொடங்குகிறது. எந்தத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களை முதலில் வளைக்க வேண்டும் என்பதைப் பெயர் சொல்லியே குறித்திருந்தார்கள். ஒரு கோப்பில் இது எதையும் தழுவாத கதை. மறு கோப்பில் தழுவல்தான் சரக்கே. இரண்டும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே மின்னஞ்சலில்.

ஃபேன்ஃபிக் எழுதிப் பணம் பார்ப்பது பாவம் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. எங்களுக்குள்ளேயே அப்படி நினைப்பவர்கள் நிறைய. அன்புக்காக எழுதியதை விற்கலாமா என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனாலும் இரவு இரவாக உட்கார்ந்து எழுதியவருக்குக் காசு வந்தால் எனக்கு வயிறு எரியாது. பிறர் சொன்ன கதையை எடுத்து மறுபடி சொல்வதில் தமிழ் வாசகருக்கு நான் புதிதாக என்ன விளக்கிவிட முடியும்? கம்பனே வடமொழியில் இக்கதை சொன்னவர்கள் மூவர், அவர்களில் முந்தியவர் சொன்னபடிதான் நான் தமிழில் சொல்கிறேன் என்று பாயிரத்திலேயே பாடி வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறான். ஆதரித்த சடையப்பரையும் காவியத்துக்குள் ஆங்காங்கே பாடியிருக்கிறான். மூலம் எது, சோறு போட்டது யார், இரண்டையும் அவன் மறைக்கவில்லை. (வான்மீகிக்கு வக்கீல் இல்லை என்பதும் உண்மைதான்.) நீங்கள் அனுப்பிய ஒப்பந்தம் இரண்டையும் மறைக்கச் சொல்கிறது. எந்தத் தொடரிலிருந்து கதை பிறந்தது என்று நான் நேர்காணலில்கூடச் சொல்லக் கூடாதாம். நன்றியுரையில் எனக்குத் திருத்திக் கொடுத்தவர்களின் பெயர் வரக் கூடாதாம், அவர்கள் நாளைக்கு உரிமை கோரிவிடுவார்களோ என்று.

இது ஏதோ ஓரமாக நடக்கும் சில்லறை வியாபாரம் என்றும் யாரும் சொல்ல முடியாது. ஈ.எல். ஜேம்ஸின் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' முதலில் 'ட்வைலைட்' தொடரின் ஃபேன்ஃபிக். அப்போது அதன் பெயர் 'மாஸ்டர் ஆஃப் தி யூனிவர்ஸ்'. 2011-ல் ஆஸ்திரேலியாவின் ஒரு சிறு பதிப்பகம் வெளியிட்டது, 2012-ல் ரேண்டம் ஹவுஸ் எடுத்துக்கொண்டது. அந்தத் தொடர் 10 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. அன்னா டாட் 2013-ல் வாட்பேட் என்ற கதை எழுதும் தளத்தில், ஒன் டைரக்‌ஷன் பாடகர்களை வைத்து எழுதத் தொடங்கிய 'ஆஃப்டர்' மறு வருடமே சைமன் அண்ட் ஷுஸ்டர் வழியாக அச்சுக்கு வந்தது, பிறகு படமும் ஆனது. 2021-ல் வந்த அலி ஹேசல்வுட்டின் 'தி லவ் ஹைபாதிசிஸ்' ஸ்டார் வார்ஸின் ரேயையும் கைலோவையும் வைத்து எழுதிய கதையாகத்தான் பிறந்தது. 2025 செப்டம்பரில் வந்த 'ஆல்கெமைஸ்ட்' ஹாரி பாட்டர் ஃபேன்ஃபிக்கிலிருந்து வந்தது. இந்தக் கதைகள் எங்கிருந்து வந்தன என்பது வாசகர்களுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும், மூலப் படைப்பின் உரிமையாளருக்கும் தெரியும். ஒப்பந்தத்துக்கு மட்டும்தான் தெரியாது.

நீங்கள் எங்களிடமிருந்து எதை வாங்குகிறீர்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வெறும் கையெழுத்துப் பிரதியையா? புதுமுகத்தின் நாவல் உங்கள் மேசைக்கு வந்தால் அது ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கதையோ அத்தியாயம் அத்தியாயமாக வாசகர் முன் ஓடிப் பார்த்த கதை. எந்த இடத்தில் அழுதார்கள், எந்த இடத்தில் விட்டுப் போனார்கள் என்று பின்னூட்டத்திலேயே இருக்கிறது. அதோடு இது ஏற்கெனவே பிழை திருத்தப்பட்ட கதை. பீட்டா ரீடர் என்று நாங்கள் சொல்கிற அந்த ஆள் சம்பளம் வாங்காத எடிட்டர். என் கதையில், அம்மா இறந்த செய்தி வந்ததும் நாயகி கதறி அழுவதாக நான் எழுதியிருந்தேன். என் பீட்டா ஓரத்தில் ஒரே வரி எழுதினார்: "இவள் இங்கே அழமாட்டாள், தொட்டியில் கிடக்கிற பாத்திரத்தைக் கழுவுவாள்." மாற்றி எழுதினேன். இன்றைக்கு வரைக்கும் வாசகர்கள் எனக்கு எழுதுவது அந்தப் பாத்திரம் கழுவும் காட்சியைப் பற்றித்தான். உங்கள் விற்பனைத் திட்டத்தில் மாதிரிப் பகுதியாக எடுத்துப் போட்டிருந்ததும் அதே காட்சிதான். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தவரின் பெயருக்கு மட்டும் நன்றியுரையில் இடமில்லை.

இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கொடுக்க முன்வந்த முன்பணம் புதுமுகத்துக்கான தொகை. விற்பனைத் திட்டத்தில் நான் நட்சத்திரம், கணக்குப் பக்கத்தில் அறிமுக எழுத்தாளர். அதற்கு ஈடாக நீங்கள் கேட்டதோ உலகெங்கும், எல்லா மொழிகளிலும், இன்று இருக்கிற, இனிமேல் கண்டுபிடிக்கப்படப்போகிற எல்லா ஊடகங்களிலும் உரிமை. இந்த வரியை எழுதியவருக்கு நல்ல கற்பனை வளம். அவரும் எழுத வரலாம்.

பெயர் மாற்றுகிற லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். மூலக் கதையின் பெயர்களை எடுத்துவிட்டால் போதும், மற்றதைச் சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்றார் உங்கள் ஆசிரியர். மாதிரிக்கு மூன்று அத்தியாயங்களை அவரே திருத்தி அனுப்பினார். கதிர் என்ற பாத்திரம் ஆதவன் ஆகியிருந்தது. கணினியில் தேடி மாற்றியிருக்கிறார்கள் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துபோனது. 'கதிர்' என்று முழுசாக நின்ற இடமெல்லாம் மாறிவிட்டது. கதிரை, கதிரின், கதிருக்கு என்று உருபு ஏறிய இடமெல்லாம் அப்படியே நிற்கிறது. "ஆதவன் ஜன்னலைத் திறந்தான். கதிருக்குக் குளிர் அடித்தது." ஒரே ஆள் இருக்க வேண்டிய அறையில் இரண்டு பேர். மருத்துவமனைக் காட்சியில் நோயாளிக்கு 'ஆதவன்வீச்சு சிகிச்சை' நடந்துகொண்டிருந்தது. சிரித்தேன்தான். ஆனால் இதைத்தான் நீங்கள் சட்டப் பாதுகாப்பு என்கிறீர்கள் என்பது உறைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பெயர் மாறினால் கதை சொந்தமாகிவிடாது என்பது என்னைவிட உங்கள் வக்கீலுக்கு நன்றாகத் தெரியும். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. அந்த 'விதம்' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் வழக்குகளே வருகின்றன. பாத்திரங்களின் உறவு, உலகம், நிகழ்ச்சிகளின் வரிசை எல்லாமே கேள்விக்கு வரலாம். இலவசமாக இருந்த வரைக்கும் உரிமையாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டார்கள். விலை அச்சிட்ட கணத்தில் கதை வேறு. 2023-ல் ஒருவர் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' தொடருக்குத் தானே ஒரு தொடர்ச்சி எழுதி விற்றுவிட்டு, அமேசானின் இணையத் தொடர்தான் தன்னைக் காப்பியடித்தது என்று, டோல்கீனின் உரிமைகளை வைத்திருக்கும் டோல்கீன் எஸ்டேட் மீதே வழக்குப் போட்டார். அந்த ஆள் வம்பை விலை கொடுத்து வாங்கினார், அவருக்காக நான் வாதாட வரவில்லை. முடிவை மட்டும் பாருங்கள். இருக்கிற பிரதிகளையெல்லாம் அழிக்க வேண்டும் என்றும், எதிர்த்தரப்பின் வக்கீல் செலவாக 1,34,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பானது. என் ஒப்பந்தத்தின் கணக்குப்படி இப்படி ஒரு தொகை வந்தால் அதைக் கட்டப்போவது நான். எவ்வளவு மாற்றினால் போதும் என்று முடிவு செய்வது நீங்கள். மாற்றியது போதவில்லை என்று நீதிபதி சொன்னால் பணம் கட்டுவது நான்!

வேறு வழியே இல்லை, எல்லோரும் இப்படித்தான் என்று உங்கள் ஆள் இரண்டு வரியில் பதில் எழுதினார். எல்லோரும் இப்படி இல்லை. 2007-ல் ஹாரி பாட்டர் உலகத்துக்கு அகராதி தொகுத்த ஒரு ரசிகரின் நூலை ஆர்.டி.ஆர். புக்ஸ் என்ற சிறு பதிப்பகம் வெளியிட முனைந்தது. வார்னர் பிரதர்ஸும் ஜே.கே. ரௌலிங்கும் வழக்குப் போட்டார்கள். அந்த ரசிகர் முன்கூட்டியே பயந்திருந்ததால், வழக்கு வந்தால் நடத்துவதும் இழப்பீடு கட்டுவதும் பதிப்பகத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். 2008-ல் வழக்கில் பதிப்பகம் தோற்றது. இழப்பீடு 6,750 டாலர். நூல் திருத்தப்பட்டு மறு வருடம் வெளிவந்தது. அது ஃபேன்ஃபிக் இல்லை, அகராதி என்பது உண்மை. ஆனால் ஒரு சின்னப் பதிப்பகம் தன் எழுத்தாளருக்காக எழுதிக் கொடுத்த ஒரு வரியை உங்களால் ஏன் எழுத முடியாது?

உரிமையாளரிடமே அனுமதி வாங்கிச் செய்கிற வழியும் ஒன்று இருந்தது. 2013-ல் அமேசான் 'கிண்டில் வேர்ல்ட்ஸ்' தொடங்கியது. 'வாம்பயர் டயரீஸ்' போன்ற சில தொடர்களின் உலகத்துக்குள் யாரும் எழுதி விற்கலாம். 10,000 வார்த்தைக்கு மேல் என்றால் நிகர வருவாயில் 35 சதவீதம், அதைவிடச் சின்னக் கதைக்கு 20. சட்டப்படி சுத்தமான ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுத்தாளர் புதிதாக உருவாக்கிய பாத்திரத்தை மூல உரிமையாளர் தன் தொடரில் எடுத்துப் பயன்படுத்தலாம், எழுத்தாளருக்கு அதற்கென்று தனியாகக் காசு கிடையாது. 2018-ல் அமேசான் கடையைச் சாத்தியது. அடுத்தவர் உலகத்தில் நடக்கிற கதையை அனுமதியில்லாமல் வேறு எங்கே கொண்டுபோய் விற்பது? அதற்கும் முன்பு, 2007-ல் ஃபேன்லிப் என்ற நிறுவனம் ரசிகர் கதைகளை வைத்து வியாபாரம் செய்யக் கிளம்பியது, மறு வருடமே மூடியது. ரசிகர்கள் அதன் மேல் கொண்ட கோபத்தில் பிறந்த அமைப்புதான் 2009-ல் ரசிகர் கதைகளுக்கென்றே ஏ.ஓ.3 என்ற இணையக் களஞ்சியத்தைத் திறந்தது. விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது, அங்கே யாரும் தங்கள் எழுத்தை விற்கவோ அதற்குக் காசு கேட்கவோ கூடாது. 2019-ல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. நீங்கள் இன்றைக்கு எழுத்தாளர் தேடி அலைகிற காடு, உங்களைப் போன்றவர்களிடமிருந்து தப்பிக்க வளர்த்த காடு. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

அந்தக் காட்டைத்தான் இப்போது வெட்டச் சொல்கிறீர்கள். ஒப்பந்தத்தின் இன்னொரு பிரிவுப்படி என் கதையின் இணையப் பிரதியை நான் அழித்தாக வேண்டும். இறக்கி வைத்திருக்கும் வாசகர்களையும் அழிக்கச் சொல்லி நான் அறிவிப்புப் போட வேண்டும். காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. இலவசமாகக் கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்? போதாக்குறைக்கு, எழுதியவரைக் கேட்காமலே கதையை இறக்கி, பைண்ட் செய்து, விற்றுக் காசு பார்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அதனால் மனம் வெறுத்துக் கதையை எடுத்தவர்களும் உண்டு. ஆனால் கதையை அழித்தால் அதன் கீழே இருக்கிற பின்னூட்டங்களும் சேர்ந்து போய்விடும். அவற்றில் நான் எழுதியது ஒன்றுகூட இல்லை. ஒருவர் கீமோ நடந்த வாரங்களில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எழுதியிருந்தார். இன்னொருவர் என் கதையில் பிழை காட்டுகிறேன் என்று தொடங்கித் தன் விவாகரத்தை எழுதி முடித்திருந்தார். அதை விற்கவோ அழிக்கவோ எனக்கு என்ன உரிமை இருக்கிறது, உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? பதிவு செய்த பயனர்கள் மட்டும் படிக்கும்படி பூட்டி வைக்கும் வசதி ஏ.ஓ.3-ல் இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். உங்கள் ஆளுக்கு அப்படி ஒரு வசதி இருப்பதே தெரியவில்லை.

இதைவிட மோசமான பிரிவு, இனிமேல் நான் எந்த ஃபேன்ஃபிக்கும் இலவசமாக எழுதி வெளியிடக் கூடாது என்பது. என்னைக் கண்டுபிடித்த இடத்துக்கே நான் திரும்பிப் போகக் கூடாதாம்.

எங்கள் பொதுச் சொத்தின் மேல் கை வைக்கிற ஆசை எது வரைக்கும் போகும் என்பதையும் பார்த்தாயிற்று. ஒமேகாவெர்ஸ் என்று ஒரு கதை வகை, மனிதர்களை ஓநாய்க் கூட்டம் போல ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா என்று பிரித்து எழுதுவது. ரசிகர்கள் கூட்டமாகச் சேர்ந்து, ஒருவர் போட்டதன் மேல் இன்னொருவர் போட்டு வளர்த்தது. யாருக்கும் தனிச் சொத்து இல்லை. 2018-ல் அதை வைத்து எழுதிய ஓர் எழுத்தாளரின் பதிப்பகம், அதே வகையில் எழுதிய இன்னொருவரின் நூல்கள் தங்கள் பதிப்புரிமையை மீறுவதாக இணையக் கடைகளுக்குப் புகார் அனுப்பி அவற்றை விற்பனையிலிருந்து நீக்க வைத்தது. விவகாரம் அமெரிக்க நீதிமன்றம் வரைக்கும் போனது. எங்களிடமிருந்து எடுத்ததை வைத்து எங்களையே தடுக்க வருவார்கள் என்று சிலர் அப்போதே சொன்னார்கள். மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்தவர்களில் பலர் இன்று அப்படி நினைப்பதில்லை.

இனி நான் கேட்பது. பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத முடிகிறவைதான்.

ரசிகர் புனைவிலிருந்து வந்தது என்று தெரிந்தே வாங்குகிற எந்த நூலுக்கும், தழுவல் தொடர்பான வழக்கு வந்தால் நடத்துவதும் இழப்பீடு கட்டுவதும் பதிப்பகத்தின் பொறுப்பு என்று எழுதுங்கள். எழுத்தாளர் தெரிந்தே உங்களிடம் எதையாவது மறைத்தால் மட்டும் அவரைப் பிடியுங்கள். பதிப்புரிமை வழக்கு போன்றவற்றுக்கான காப்பீடு நீங்கள் வைத்திருந்தால் அதில் எழுத்தாளரின் பெயரையும் சேருங்கள். மாற்றி எழுதும் வேலையை எழுத்தாளரோடு உட்கார்ந்து ஒரு வக்கீலும் ஓர் ஆசிரியரும் செய்யட்டும், தேடி மாற்றும் பொத்தான் செய்ய வேண்டாம்.

இணையப் பிரதியை அழிக்கும் நிபந்தனையை நீக்குங்கள். பூட்டி வைக்கச் சொல்லுங்கள், அல்லது நூலில் வந்த பகுதியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், பின்னூட்டங்கள் நிற்கட்டும். இலவசமாக எழுதக் கூடாது என்ற தடையையும் மூலத்தைச் சொல்லக் கூடாது என்ற தடையையும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கும் இந்த விலக்கு பொருந்தும் என்று எழுத்தில் கொடுங்கள். வாய் மூடியிருக்கிற அந்த இரண்டு பேருக்காக இதைத் தனியாகக் கேட்கிறேன்.

திருத்திக் கொடுத்தவர்களின் பெயரை, அவர்கள் சம்மதித்தால், நன்றியுரையில் போட அனுமதியுங்கள். உரிமை கோருவார்கள் என்று பயமாக இருந்தால் அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அதற்கு ஒரு தொகையும் கொடுங்கள். விற்பனைத் திட்டத்தில் எங்கள் வாசகர் எண்ணிக்கையைக் காட்டினால், முன்பணத்தைப் புதுமுகக் கணக்கில் போடாதீர்கள். படம், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனித்தனியாகப் பேசுங்கள், குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாத உரிமை எழுத்தாளரிடம் திரும்ப வரட்டும்.

கடைசியாக, ரசிகர்கள் பொதுவில் வளர்த்த எந்தக் கதை வகைக்கும், எந்தக் கற்பனை விதிக்கும் உங்கள் நிறுவனம் பதிப்புரிமை கோராது, அதன் பேரில் புகார் அனுப்பாது என்று பகிரங்கமாக அறிவியுங்கள். புதிய ஒப்பந்த வாசகத்தை உங்கள் தளத்தில் எல்லோரும் படிக்கும்படி வையுங்கள். அதுவரை, உங்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தால் இந்த மடலைப் படித்துவிட்டுப் பதில் போடுமாறு எனக்குத் தெரிந்த ஒவ்வொரு எழுத்தாளரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத ஒரு ஃபேன்ஃபிக் எழுத்தாளர்